சூப்பர் 8-ல் தெளிவான படம்: கேமரா கேட் முதல் ஸ்கேன் வரை

சூப்பர் 8 என்ற 8 மி.மீ. அகலச் சினிமா ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 5.79 மி.மீ. அகலம், 4.01 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. 35 எம்.எம். ஸ்டில் நெகட்டிவின் பரப்பில் இது 37-ல் ஒரு பங்கு. 1932-ல் வந்த ரெகுலர் 8 இன்னும் சின்னது: ஏறத்தாழ 4.5-க்கு 3.3 மி.மீ. இதைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கும்போது படத்தோடு சேர்ந்து பிழையும் பெரிதாகிறது. 0.07 மி.மீ. தடிமனில் ஒரு முடி கேமராவின் ஒளித்திறப்பான கேட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால், 2 மீட்டர் அகலத் திரையில் அது 2.4 செ.மீ. தடிமன் கயிறாகத் தொங்கும்.

சூப்பர் 8 என்றாலே மங்கல்தான் என்பார்கள். கிரெய்ன், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் துகள், இருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெரும்பாலோர் பார்த்துப் பழகிய மங்கலுக்கு ஃபிலிம் காரணமில்லை. தப்பிய ஃபோகஸ், எஃப்/16-க்கு மூடிப்போன லென்ஸ் (எஃப் எண் கூடினால் லென்ஸின் திறப்பு சிறுக்கும்), கை ஆட்டம், சுவரில் ஓட்டி வீடியோவில் பிடித்த நகல் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை அது. நான்கையும் தவிர்க்கலாம்.

கேமராவைச் சோதித்தல்

முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகரில் நனைத்த பட்ஸால் துடைத்து, ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மோட்டாருக்கு ஏஏ பேட்டரி போதும். சிக்கல் லைட் மீட்டரில்தான். பல பழைய கேமராக்களில் மீட்டருக்கென்று தனியாக 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி இருந்தது. இப்போது அது கிடைப்பதில்லை. அந்த இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால், மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு லென்ஸை மூடும், படம் இருளும். காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் செல் சுமார் 1.4 வோல்ட் தரும். ஒரு ரப்பர் வளையத்தை வைத்தால் அந்த அறைக்குள் சரியாக உட்கார்ந்துவிடும். சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்பது மட்டுமே குறை.

அடுத்தது கேட், அதாவது ஃபிலிமின் மீது ஒளி விழும் சின்னச் செவ்வகத் திறப்பு. காட்ரிட்ஜ் போடும் கதவைத் திறந்து, சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரங்களில் பழுப்பாகக் காய்ந்து கெட்டியானது பழைய ஃபிலிமின் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) துகள். மென்மையான பிரஷ்ஷாலும், ஆல்கஹால் தொட்ட மரக் குச்சியாலும் எடுங்கள். ஊசி, கத்தி முனை எதுவும் வேண்டாம். கேட்டில் விழும் ஒரு கீறல், அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு ஃபிலிமிலும் ஒரு நேர்கோடாகப் பதிவாகும். பஞ்சையும் தவிர்க்கலாம், இழை விடும். ஒவ்வொரு காட்ரிட்ஜ் மாற்றும்போதும் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யுங்கள்.

ஃபோகஸ்: அதிகம் தவறுவது இங்கேதான்

வியூஃபைண்டர் ஐபீஸில் பார்வைக்கேற்பத் திருகும் வளையம் ஒன்று உண்டு. அதைத் தொடாமலே சுட்டுவிட்டு, லென்ஸ் சரியில்லை என்பவர்கள் ஏராளம். பல சூப்பர் 8 கேமராக்களின் வியூஃபைண்டரில் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் கிடையாது. பிம்பம் காற்றில் நிற்பதுபோல் தெரியும். அதைக் கண் தானாகவே சரிசெய்துகொண்டு கூர்மையாகக் காட்டிவிடும். உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது ஃபிலிமில் தெளிவாக விழுந்திருக்காது.

சரிசெய்யும் முறை: லென்ஸை முடிவிலிக் குறிக்கு வையுங்கள். ஜூமை, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி முனைக்குத் தள்ளுங்கள். குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்கும் கம்பம் அல்லது ஜன்னல் சட்டத்தைப் பாருங்கள். ஐபீஸ் வளையத்தை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, அங்கிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்து, முதன்முதலில் தெளிவு வரும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பையில் போட்டு எடுக்கும்போது நகர்ந்துவிடும். கண்ணாடி போடுபவர் எனில் போட்டுக்கொண்டோ கழற்றியோ, ஏதாவது ஒரே முறையில் எப்போதும் பாருங்கள்.

ஷாட் எடுக்கும்போது டெலி முனைக்குப் போய், கண்ணிலோ சட்டை விளிம்பிலோ ஃபோகஸ் பிடித்து, பிறகு வேண்டிய அளவுக்கு ஜூமை விரியுங்கள். நேர் எதிராக, வைடில் பிடித்துவிட்டு உள்ளே போனால் தவறு நிச்சயம். ஆள் அருகில் இருந்தால் டேப் வைத்து அளப்பதுதான் ஆகச் சிறந்தது. கேமராவின் பக்கவாட்டில் கோடு குறுக்கே ஓடும் ஒரு வட்டக் குறி இருக்கும். ஃபிலிம் இருக்கும் தளம் அது. அங்கிருந்து அளக்க வேண்டும், லென்ஸ் முனையிலிருந்து அல்ல.

அவசரத்துக்கு ஒரு கணக்கு உதவும். 9 மி.மீ. ஃபோக்கல் லெங்த், எஃப்/5.6, ஃபோகஸ் 1.5 மீட்டர் என்று வைத்தால் சுமார் 75 செ.மீ. தொடங்கி முடிவிலி வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். விளையாடும் குழந்தைகளைப் பின்தொடர இதுவே போதும். டெலி முனையில் இந்தச் சலுகை கிடையாது.

லென்ஸை மூட விடாதீர்கள்

வெயிலில் எடுத்த சூப்பர் 8 ஏன் சில சமயம் மாலையில் எடுத்ததைவிட மங்கலாக இருக்கிறது? டிஃப்ராக்ஷன் காரணம்: சின்னத் துளை வழியே போகும் ஒளி பரவிவிடும். எஃப்/16-ல் ஒரு ஒளிப்புள்ளி ஃபிலிமில் சுமார் 21 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாகப் பரவுகிறது. 5.79 மி.மீ. அகலத்தில் அப்படிப்பட்ட வட்டங்களை வரிசையாக வைத்தால் 275-தான் கொள்ளும். எஃப்/4-ல் அதே வட்டம் 5.4 மைக்ரான். பெரிய ஃபார்மேட்டில் எஃப்/16 சாதாரணம். இங்கே அது படத்தைக் கரைத்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், கேமரா தானாகவே அங்கே போய் நிற்கும். 18 ஃபிரேம் வேகத்தில் ஷட்டர் 1/40 விநாடிக்கு அருகில்தான் இருக்கும். நல்ல வெயிலில் 50 ஐஎஸ்ஓ ஃபிலிமே எஃப்/16 கேட்கும். 200 என்றால் அதற்கும் மேல். லென்ஸ் முன்னால், நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் 0.9 என்டி ஃபில்டர் போடுங்கள். 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி அல்லது இரட்டிப்பு) குறைந்து எஃப்/5.6-க்கு வந்துவிடும். பெரும்பாலான ஜூம்கள் எஃப்/4-க்கும் எஃப்/5.6-க்கும் இடையில்தான் தங்கள் கூர்மையைக் காட்டும். முழுக்கத் திறந்தாலும் ஓரங்கள் சோர்ந்துபோகும்.

மீட்டர் லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா என்றால் என்டி ஃபில்டரைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மீட்டருக்கு முகப்பில் தனி ஜன்னல் இருந்தால் எடுத்துக்கொள்ளாது; நீங்கள்தான் கையால் அப்பர்ச்சரை மாற்ற வேண்டும். வெளி லைட் மீட்டரை நம்பி எடுப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கணும்: ரிஃப்ளெக்ஸ் வியூஃபைண்டர் வரும் ஒளியில் ஒரு பங்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து அரை ஸ்டாப் வரை கூடுதலாகத் திறந்துகொள்வது வழக்கம்.

ஆட்டோ எக்ஸ்போஷரில் வானத்தைத் தாண்டி பேன் செய்தால் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால்) நடுவில் முகம் இருண்டு மறுபடி வெளுக்கும். ஆள் முகத்தருகே போய் அளந்து, லாக் பண்ணிவிட்டு எடுங்கள்.

எந்த ஃபிலிம்?

கிரெய்ன் குறைவாக வேண்டுமென்றால் கோடாக் விஷன்3 50டி (எண் ஐஎஸ்ஓ, டி என்றால் பகல் வெளிச்சத்துக்கானது). வெளியில் எடுக்க இதைவிட நுண்மையானது சூப்பர் 8-ல் இல்லை என்றே சொல்லலாம். வீட்டுக்குள் 200டங்ஸ்டன், அதாவது பல்ப் வெளிச்சத்துக்கானது. இரவுக்கு 500டங்ஸ்டன், கிரெய்னோடு சமாதானமாகப் போகத் தயாராக இருந்தால். இவை மூன்றும் நெகட்டிவ். நெகட்டிவுக்கு வெளிச்சம் கூடினால் நல்லது: மூன்றில் இரண்டு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டிக் கொடுத்தால் நிழல் பகுதியில் கிரெய்ன் அடங்கும். குறைத்தால் சேறுபோலக் கலங்கும். எக்டாக்ரோம் 100டி ரிவர்சல், அதாவது நெகட்டிவ் இல்லாமல் நேராகவே படம் தரும், அப்படியே புரொஜெக்டரில் ஓட்டலாம், ஆனால் அரை ஸ்டாப் பிசகினாலும் வெளுத்துப்போனது போனதுதான்.

பழைய கேமராக்களில் பல, காட்ரிட்ஜின் வெட்டைப் படித்து 40, 160 என்ற இரண்டு ஐஎஸ்ஓ வேகங்களைத்தான் அறியும். 200-ஐ 160 என்று எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு ஸ்டாப் கூடும், நெகட்டிவுக்கு அது நன்மையே. 500-ஐ அப்படி எடுத்துக்கொண்டால் ஒன்றே முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகக் கூடும், அதையும் தாங்கும்.

கேமராவுக்குள் இருக்கும் 85 ஆரஞ்சு ஃபில்டரையும் மறக்காதீர்கள். 50டி, 100டி போன்ற பகல் ஃபிலிமுக்கு அது வேண்டாம். சூரியன், பல்ப் என்று படம் போட்ட சுவிட்ச் இருந்தால், நடு வெயிலிலும் பல்ப் பக்கம் வைத்தால்தான் ஃபில்டர் விலகும். குழப்பமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். ஐம்பது வருஷத்துக்கு மேலான அந்த ஃபில்டர்கள் பல பூஞ்சையும் மங்கலும் பிடித்தவை என்பதால், அதை ஒளிப்பாதையிலிருந்து விலக்குவதே தெளிவைக் கூட்டும்.

காட்ரிட்ஜ், வேகம், டிரைபாட்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த காட்ரிட்ஜை உறை பிரிக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வையுங்கள். உடனே பிரித்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். கேமராவில் போடுவதற்கு முன் தட்டையான பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால், இறுகிய சுருள் தளர்ந்து படம் குதிப்பது குறையும். ஃபிலிம் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தால், திறப்பில் தெரியும் ஃபிலிமில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விநாடி ஓட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். புள்ளி போயிருந்தால் ஓடுகிறது.

50 அடி ஃபிலிமில் 3,600 ஃபிரேம்: 18 வேகத்தில் 3 நிமிடம் 20 விநாடி, 24-ல் இரண்டரை நிமிடம். தரம் மட்டுமே பார்த்தால் 24. விநாடிக்கு அதிக ஃபிரேம் வரும்போது கண் கிரெய்னைச் சராசரியாக்கிக்கொள்கிறது, அசைவிலும் மங்கல் குறைகிறது.

டிரைபாட் பற்றி ஒரே வரி: வையுங்கள். பேன் செய்யும்போது ஒரு பொருள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக 7 விநாடியாவது ஆகட்டும்.

லேபுக்குக் கொடுக்கும்போது டெவலப் செய்யும் முறையை, விஷன்3-க்கு ஈசிஎன்-2, எக்டாக்ரோமுக்கு ஈ-6 என்று எழுதியே கொடுங்கள். எடுத்து முடித்த ஃபிலிமை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். விமானப் பயணம் என்றால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிடி ஸ்கேனர் ஃபிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும்.

பழைய சுருள்களைத் துடைத்தல்

டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை வந்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து வையுங்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள், முதலில் அதையே ஸ்கேனுக்கு அனுப்புங்கள். சுருங்கிய ஃபிலிமின் துளைகளைப் புரொஜெக்டரின் பல் கிழித்துவிடும்.

நல்ல நிலையில் உள்ளதை, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த இழை விடாத துணியை இரண்டு விரலுக்கிடையில் மடித்து, அதன் நடுவே மெதுவாக இழுத்துச் சுற்றுங்கள். மறுசுருளில் ஏறும் முன் ஈரம் ஆவியாகியிருக்க வேண்டும். ஆகவில்லையென்றால் துணி அதிகம் நனைந்திருக்கிறது. சில மீட்டருக்கு ஒருமுறை மடிப்பை மாற்றாவிட்டால், பிடித்த மணலே ஃபிலிமைக் கீறும். 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் இருக்கிறது, எமல்ஷனை இளக்கும். ஓரத்தில் பழுப்புக் காந்தப் பட்டை ஓடினால் அது ஒலி. வாலில் சில செ.மீ. தேய்த்துப் பார்த்து, துணியில் பழுப்பு ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேன்

சுவரில் ஓட்டி மொபைலில் பிடிப்பது கடைசி வழி. நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு, போதாததற்குத் துடிப்பு. வேறு வழியே இல்லையென்றால் 30, 40 செ.மீ. அகலத்தில் மேட் வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். மூன்று பிளேடு ஷட்டர் உள்ள புரொஜெக்டரை 16.67 ஃபிரேமில் ஓட்டினால் விநாடிக்கு 50 துடிப்பு. கேமராவை 25 ஃபிரேம், 1/50-ல் வைத்தால் மினுக்கல் நின்றுவிடும். 30 ஃபிரேம் கேமராவுக்கு 20 வேகம்.

சரியான வழி, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி எடுக்கும் ஸ்கேன். தெளிவுத்திறன் எவ்வளவு? மி.மீ.க்கு 100 கோட்டு இணைகள் (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் ஓர் இணை) பதிவாகியிருந்தாலும், இணைக்கு இரண்டு பிக்சல் வீதம் அகலத்துக்கு 1,158 பிக்சல்தான் கணக்கு வரும். ஆகவே 2கே (சுமார் 2,000 பிக்சல் அகலம்) போதும். 4கே கிரெய்னின் வடிவத்தை அழகாகக் காட்டும், ஓரத்தை வெட்டி ஆட்டத்தை நிலைநிறுத்த இடம் தரும், புதிய விவரம் அதிகம் தராது. அந்தப் பணத்தை நல்ல சென்ஸார் உள்ள ஸ்கேனருக்குச் செலவிடலாம். பழைய ரிவர்சல் ஃபிலிமான கோடாக்ரோமின் அடர்ந்த நிழலுக்கு, இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணைக்கும் எச்டிஆர் ஸ்கேன் பெரிய வித்தியாசம் காட்டும். கோடாக்ரோமிலும் கறுப்பு-வெள்ளையிலும் அகச்சிவப்பு வைத்துத் தூசி நீக்கும் வசதி உதவாது; அதை நம்பித் துடைக்காமல் அனுப்ப வேண்டாம்.

லேபிடம் கேட்க வேண்டியவை: லாக் அல்லது ஃப்ளாட் (பிறகு வண்ணம் திருத்த இடம் விடும், கான்ட்ராஸ்ட் குறைந்த படம்), குறைந்தது 10 பிட், புரோரெஸ் 422 எச்க்யூ என்ற வீடியோ வடிவம், கூர்மையாக்கமும் கிரெய்ன் நீக்கமும் வேண்டாம், ஃபிலிமின் சொந்த வேகம், ஃபிரேமின் விளிம்பும் துளையும் தெரியும்படி ஓவர்ஸ்கேன். இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு காரணம் உண்டு. துளையை வைத்து நிலைநிறுத்தினால் ஸ்கேனரின் ஆட்டம் மட்டுமே போகும். எடுக்கும்போதே கேமராவுக்குள் ஃபிலிம் குதித்திருந்தால், துளைக்கும் படத்துக்கும் உள்ள தூரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய, ஃபிலிமில் பதிந்திருக்கும் கேட்டின் விளிம்பைப் பிடித்து நிலைநிறுத்த வேண்டும். விளிம்பை வெட்டிய ஸ்கேனில் அது முடியாது.

பிறகு எடிட்டிங்கில் வரிசை: நிலைநிறுத்தல், வண்ணம், லேசான கிரெய்ன் குறைப்பு, கடைசியில் கூர்மை. கிரெய்னை முழுக்கத் துடைத்தால் முகம் மெழுகுபோல் ஆகும். சின்ன ஃபார்மேட்டில் விவரமே அந்தக் கிரெய்னில்தான் ஒளிந்திருக்கிறது. 18-ஐ 24 ஆக்க, ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமையும் இருமுறை வையுங்கள். 16 என்றால் ஒவ்வொரு இரண்டாவதையும். மென்பொருள் இரண்டு ஃபிரேமைக் கலந்து நடுவில் ஒன்றை உண்டாக்க விட்டால், கைகால் எல்லாம் பேய்போல் இரட்டையாகத் தெரியும். இணையத்துக்கு ஏற்றும்போது பிட்ரேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம், கிரெய்ன் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் சுருக்கம் அங்கேதான் முதலில் உடைந்து கட்டம் கட்டமாகும். 2கே மூலத்தையும் 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால், பல தளங்கள் கூடுதல் பிட்ரேட் ஒதுக்குகின்றன.