அயல் மண்ணில் புதைக்கப்பட்ட ஒரு விமானியைத் தேடுவது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 பேர் இறந்தார்கள். உடலை ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் அப்போது இல்லை, விழுந்த நாட்டிலேயே புதைத்தார்கள். அவர்களில் ஒருவரை நினைவுகூர வேண்டுமென்றால், முதலில் அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரிய வேண்டும். கை கிப்சன் (Guy Gibson) என்ற பிரிட்டிஷ் விமானியை வைத்துப் பழகுவோம்.

படி 1: முழுப்பெயர், படை, இறந்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கை பென்ரோஸ் கிப்சன், அரச விமானப்படை, 19 செப்டம்பர் 1944. 1918இல் நம் சிம்லாவில் பிறந்தவர். 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கப் போன 19 லாங்கஸ்டர் குண்டுவீச்சு விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர். இறந்தபோது வயது 26தான்.

படி 2: காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். வெறும் 'கிப்சன்' என்று போட்டால் பெரிய பட்டியல் வந்து நிற்கும். விமானப்படை, 1944 என்று சுருக்குங்கள். நெதர்லாந்தின் ஸ்டீன்பெர்கன் என்ற சிற்றூரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் வரும். ஊர்க்காரர்களின் கல்லறைகளோடு அவருடையதும் இருக்கிறது.

கல்லறையே இல்லாதவர் என்றால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தைக் காட்டும். உடல் கிடைக்காத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. அப்போது பலகை எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

படி 3: இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். விமானி தனியாகப் போகவில்லை. பெயரை அழித்துவிட்டு, அதே தேதி, அதே கல்லறைத் தோட்டம் என்று மறுபடி தேடுங்கள். ஜேம்ஸ் வாரிக் வருவார்: கிப்சனின் மொஸ்கிட்டோ விமானத்தில் வழி சொன்னவர், அவரோடு இறந்தவர். ஸ்டீன்பெர்கன் மக்கள் இருவர் பெயரையுமே தெருக்களுக்கு வைத்திருக்கிறார்கள். லாங்கஸ்டர் என்றால் ஏழு பேரைத் தேட வேண்டும். அணைகளுக்குப் போன 133 பேரில் 53 பேர் அந்த ஓர் இரவில் இறந்தார்கள். விமானியின் பெயர் தெரிந்த அளவுக்கு, பின்கூண்டில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

சிலர் வேறு ஊரில் புதைக்கப்பட்டிருக்கலாம். அப்போது லிங்கன் நகரிலுள்ள பன்னாட்டு குண்டுவீச்சுப் படை மையத்தின் இழப்புப் பட்டியலைப் பாருங்கள்.

படி 4: நேரில் போக முடியாதா? சரி, சேர்த்த பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். மே 4 அன்று இரவு 8 மணிக்கு, போரில் இறந்தவர்களுக்காக நெதர்லாந்து முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கும். நமக்கு அப்போது இரவு 11.30. முதலில் விமானியின் பெயர், அப்புறம் உடன் போனவர்கள் ஒவ்வொருவர் பெயராக, வாய்விட்டுப் படியுங்கள்.