ஓவர்டிரைவ் பெடல்: வாங்குவதிலும் மிதிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கத் தொடங்குபவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் முதல் பெடல் பெரும்பாலும் ஓவர்டிரைவ்தான். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தரையில் இருக்கும் சிறு பெட்டி இது; காலால் மிதித்தால் கிதாரின் ஒலியைப் பெருக்கி, வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும். இந்தக் கரகரப்பைத்தான் சிதைவு என்கிறோம். வாங்கிய வேகத்தில் பலர் விற்றுவிடுவதும் அதையே. "ஒலி மூக்கால் பேசுவதுபோல் இருக்கிறது", "இரைச்சல் தாங்கவில்லை", "வீடியோவில் கேட்டது வேறு, என் அறையில் கேட்பது வேறு" என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் பெடலில் பழுது இருப்பது அபூர்வம். ஓவர்டிரைவ் பெடல் பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி ஆம்ப்ளிஃபையரின் (சுருக்கமாக ஆம்ப்) பொறுப்பு. இதை மறப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் பெரும்பாலும் கிளைக்கின்றன.

ஆம்ப்பை மறந்துவிட்டுப் பெடல் தேடுவது

ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் என்ற ஓவர்டிரைவையே எடுத்துக்கொள்வோம். 1970களின் இறுதியில் டிஎஸ்808 என்ற பெயரில் ஜப்பானிலிருந்து வந்தது. 1982-இல் டிஎஸ்9 வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் ஓவர்டிரைவ்களில் கணிசமானவை இதன் வாரிசுகள். இதன் மின்சுற்றில் ஒரு நுட்பமான ஏற்பாடு இருக்கிறது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். தடித்த கம்பிகளின் அடிநாதம் அதிகம் சிதையாது. உச்ச அதிர்வெண்களையும் டோன் பகுதி ஓரளவு மழுக்கிவிடும். மிஞ்சுவது முன்னுக்கு வந்து நிற்கும் நடுப்பகுதி. மூக்கால் பேசுவதாகச் சொல்லப்படும் குணம் இதுதான்.

இந்த மேடு எதற்கு? ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், சூப்பர் ரிவர்ப் போன்ற ஆம்ப்களில் நடுப்பகுதி இயல்பாகவே பள்ளமாக இருக்கும். பெடலின் மேடு அந்தப் பள்ளத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. அமெரிக்க ப்ளூஸ் கிதார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் ஒலியைக் கேட்டு டியூப் ஸ்கிரீமர் வாங்குபவர்கள் மற்ற விவரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்: நன்றாகச் சத்தமாகத் திறந்துவிட்ட ஃபெண்டர் ஆம்ப்கள், .013 அங்குலத்தில் தொடங்கும் தடித்த கம்பிகள், அரைச்சுரம் இறக்கிய சுருதி, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வலது கை. பெடல் அந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது.

நடுப்பகுதி ஏற்கெனவே தூக்கலாக இருக்கும் மார்ஷல் வகை ஆம்ப்பில், இலேசான சிதைவுக்காக அதே பெடலை வைத்தால் மேட்டின்மேல் மேடு ஏறும். அங்கே அதிர்வெண்களை அதிகம் வளைக்காத பெடல் பொருந்தும். 1995-இல் வந்த, பாஸ் நிறுவனத்தின் பிடி-2 ப்ளூஸ் டிரைவர், மார்ஷல் நிறுவனமே 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ப்ளூஸ்பிரேக்கர் பெடல், அதன் வழியில் வந்தவை ஆகியவை அந்த ரகம். ஒரு விதிவிலக்கு உண்டு. மெட்டல் இசைக் கலைஞர்கள் கெயின் (உள்ளே நடக்கும் பெருக்கம்) மிகுந்த ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்கிரீமரை வைத்து, சிதைவைக் கூட்டும் டிரைவ் குமிழைப் பூஜ்யத்திலும், வெளியேறும் சத்தத்தைக் கூட்டும் லெவல் குமிழை உச்சத்திலும் விடுவார்கள். அடிநாதம் குறைந்து ஒலி இறுகிவருவதற்காக, அதன் 'மூக்கை'த் தெரிந்தே பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

வீட்டில் இருப்பது சிறிய டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் லெவல் குமிழில் கவனம் தேவை. கண்ணாடிக் குழாய்களால் பெருக்கும் வால்வு ஆம்ப்பில் லெவலை ஏற்றினால் வால்வுகளும் சேர்ந்து மெல்லச் சிதைந்து இனிமை கூடும். மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அப்படி ஏற்றினால் பெரும்பாலும் கரகரப்புதான் மிஞ்சும். அங்கே ஆம்ப்பைச் சுத்தமான சேனலில் வைத்து, பெடலை மிதித்தாலும் எடுத்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்படி லெவலை நிறுத்துவதே நல்லது.

கடையில் சோதிக்கும்போது நம் காது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சற்றுச் சத்தமாக ஒலிப்பதெல்லாம் மேலானதாகவே தோன்றும். இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது முதலில் இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துங்கள். அதைச் செய்யாத ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. முடிந்தவரை சொந்தக் கிதாரைக் கொண்டுபோங்கள். உங்கள் ஆம்ப்பின் ரகத்திலேயே கேளுங்கள். கடைக்காரர் காட்டும் விலையுயர்ந்த வால்வு ஆம்ப்பில் எந்தப் பெடலும் அழகாகத்தான் இருக்கும்.

பெயருக்கும் புராணத்துக்கும் பணம் கொடுப்பதும் வருத்தமான தவறு. டிஎஸ்808-க்கும் டிஎஸ்9-க்கும் சுற்றில் உள்ள முக்கிய வேறுபாடு வெளியீட்டுப் பகுதியில் இரண்டு மின்தடைகளின் மதிப்பு மட்டுமே. ஜேஆர்சி4558 என்ற சிப் இருந்தால்தான் உண்மையான ஒலி என்று நம்பிப் பழைய பெடலுக்குப் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். 1994-இல் பில் ஃபினெகன் கொண்டுவந்த க்ளோன் சென்டார் என்ற ஓவர்டிரைவ் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அருமையான வடிவமைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பணத்தில் நல்ல வால்வு ஆம்ப்பே வாங்கலாம். முதல் ஓவர்டிரைவ் வாங்குபவருக்கு நான் சொல்வது 1981 முதல் விற்பனையில் இருக்கும் பாஸ் எஸ்டி-1. விலை குறைவு, உழைப்பு அதிகம், கெட்டுப்போனாலும் சரிசெய்ய எளிது.

கெயினை அள்ளி ஊற்றுவது

எல்லாத் தவறுகளிலும் இது பெரியது. பெட்டியிலிருந்து எடுத்ததும் டிரைவ் குமிழை முழுதாகத் திருப்புபவர்களே அதிகம். தனியாக வாசிக்கும்போது அது சுகமாகவே இருக்கும். சுரம் நீளும், விரல் பிழைகள் மறையும். பிழைகள் மறைவதே முதல் ஆபத்து, ஏனென்றால் உங்கள் வாசிப்பில் எது சரியில்லை என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சிலிக்கான் டயோடுகள் சுமார் 0.6 வோல்ட்டைத் தாண்டும் அலையின் முகடுகளை அமுக்குகின்றன. டியூப் ஸ்கிரீமரில் டிரைவைக் குறைந்த நிலையில் வைத்தாலும் பெருக்கம் ஏறத்தாழ 12 மடங்கு. முழுதாகத் திருப்பினால் 118 மடங்கு வரை போகும். அவ்வளவு பெருக்கத்தில் மெதுவாகத் தொட்ட சுரமும் அமுங்கும், ஓங்கி அடித்த சுரமும் அமுங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அழிந்துவிடும். ஓவர்டிரைவின் அழகே மென்மைக்கும் உறுமலுக்கும் நடுவே கை போய்வருவதில்தான் இருக்கிறது.

கார்ட் வாசிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. சிதைக்கும் சுற்றில் இரண்டு சுரங்கள் சேர்ந்து நுழைந்தால் அவை மட்டும் வெளியே வருவதில்லை. அவற்றின் கூட்டல் கழித்தலில் புதிய அதிர்வெண்களும் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸை ஷட்ஜமமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பஞ்சமம் ஏறக்குறைய 165. முதல் சுரத்தின் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 55. அதுவும் ஷட்ஜமமே, ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் ச-ப மட்டும் சேர்ந்த பவர் கார்ட் எவ்வளவு கெயினிலும் கட்டுக்கோப்பாக, கனமாக ஒலிக்கிறது. இப்போது அந்தர காந்தாரத்தைச் சேருங்கள். கிதாரின் ஃபிரெட்கள் தரும் காந்தாரம் 138.6 ஹெர்ட்ஸ், இயற்கையான 137.5-ஐவிடச் சற்றுத் தூக்கல். அதன் இருமடங்கிலிருந்து 110-ஐக் கழித்தால் 167.2 வருகிறது. பக்கத்திலேயே 164.8-இல் பஞ்சமம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசி, நொடிக்கு இரண்டு மூன்று முறை ஒலி தள்ளாடும். முழு மேஜர் கார்ட் அதிக கெயினில் சேறாகக் குழம்புவதற்கு இத்தகைய உரசல்களே காரணம். ஆறு கம்பிகளையும் அடிக்கும் பாட்டு என்றால் கெயினைக் குறையுங்கள், அல்லது இரண்டு மூன்று கம்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் வழக்கமான முறை இது. டிரைவை முழுதாகக் குறைத்து, டோன் குமிழைப் பன்னிரண்டு மணி நிலையில் (கடிகார முள்போல் குறி நேர் மேலே) வைத்து, பெடல் போட்டாலும் எடுத்தாலும் ஒரே சத்தம் வரும் இடத்தில் லெவலை நிறுத்துவேன். கிதாரின் வால்யூம் பத்தில் இருக்கும். ஒரே கார்டை மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அடித்தபடி டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். மெதுவாக அடித்தால் சுத்தமாகவும், ஓங்கினால் ஓரத்தில் கரகரப்பாகவும் வரும் புள்ளி ஒன்று கிடைக்கும். பெரும்பாலான பெடல்களில் அது ஒன்பது, பத்து மணிக்குள் வந்துவிடும். அங்கே நிறுத்திவிட்டுக் கிதார் வால்யூமை ஆறுக்கு இறக்கிப் பார்ப்பேன். ஒலி சுத்தமாகத் தெளிந்தால் அமைப்பு சரி. அந்த நிலையில் பெடலைத் தொடாமலே, கிதாரின் குமிழை வைத்தே ஒரு பாட்டு முழுவதையும் வாசிக்கலாம். பலர் அந்தக் குமிழை வாங்கிய நாளிலிருந்து பத்திலேயே விட்டுவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அறையில் அமைத்ததை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவது

குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் அதிர்வெண்களும் உச்ச அதிர்வெண்களும் சரியாகக் கேட்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். இரவில் அக்கம்பக்கத்தார் உறங்கும் நேரத்தில், அறையில் மெல்லிய சத்தத்தில் அமைக்கும்போது இந்தக் குறையை ஈடுகட்ட பேஸையும் ட்ரெபிளையும் நாமே அறியாமல் ஏற்றிவிடுவோம். அதே அமைப்பை மேடைச் சத்தத்தில் கேட்டால் கீழே அதிரும், மேலே காதைக் கிழிக்கும்.

நடுப்பகுதியைக் குறைத்து வைப்பதும் இதோடு ஒட்டிவரும் பழக்கம். தனியாக அது பிரமாண்டமாக ஒலிக்கும். டிரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்ததும் கிதார் காணாமல் போய்விடும். கீழ்ப்பகுதியை பேஸ் கிதாரும் கிக் டிரம்மும், மேல்பகுதியைச் சிம்பல்களும் எடுத்துக்கொள்ளும். கிதாருக்கு மிஞ்சும் இடம் நடுப்பகுதிதான். தனியாகக் கேட்டு மூக்கொலி என்று ஒதுக்கிய டியூப் ஸ்கிரீமர் குழுவோடு சேரும்போது கச்சிதமாகப் பொருந்துவது இதனால்தான். ஆகவே எந்தப் பெடலையும் குழுவோடு ஒருமுறையாவது வாசிக்காமல் தள்ளிவிடாதீர்கள். குறைந்தபட்சம் ஒரு பின்னணி இசைத் தடத்தோடாவது வாசித்துப் பாருங்கள்.

ஆம்ப்பே இல்லாமல் பெடலிலிருந்து நேரே மிக்சருக்கோ கணினிக்கோ கொடுப்பதும் பரவலாக நடக்கிறது. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெருமளவு வெட்டிவிடும். அந்த வடிகட்டி இல்லாவிட்டால் ஓவர்டிரைவின் ஒலி, தேனீக் கூட்டத்தைத் தகர டப்பாவில் அடைத்ததுபோல் இருக்கும். பெடலுக்குப் பிறகு, ஸ்பீக்கரைப்போலவே ஒலியை வடிகட்டும் ஒரு கேபினெட் சிமுலேட்டரைச் சேர்த்தாலே போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சோலோ நேரத்தில் எடுபடாத பெடல்

ஆம்ப்போ முதல் பெடலோ ஏற்கெனவே நன்றாகச் சிதைந்துகொண்டிருக்கிறது. சோலோ வந்ததும் அதற்கு முன்னால் இருக்கும் இரண்டாவது ஓவர்டிரைவை மிதிக்கிறீர்கள். சத்தம் கூடவே இல்லை. சிதைவு மட்டும் கூடுகிறது. முகடுகள் ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் உள்ளே எவ்வளவு தள்ளினாலும் வெளியே உயரம் ஏறாது. சத்தம் உயர வேண்டுமானால் பூஸ்ட் (ஒலியைத் தூக்கிவிடும் பெடல்) சிதைவுக்குப் பின்னால் வர வேண்டும். சுரம் நீள வேண்டுமானால் முன்னால். இந்த ஒரே விதி தெரிந்தால் பெடல் வரிசை குறித்த குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். காலால் அசைத்து ஒலியை 'வா வா' என்று மாற்றும் வா பெடல் முன்னால், எதிரொலி தரும் டிலேயும் ரிவர்ப்பும் பின்னால். சிதைவை ஆம்ப்பே தருகிறது என்றால் டிலேயும் ரிவர்ப்பும் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்ப்பின் சிதைவுக்குப் பிறகு பெடல்களை இணைக்கும் வழி). இல்லாவிட்டால் எதிரொலிகளும் சேர்ந்து சிதைந்து குழம்பும்.

மின்சாரம்

பெரும்பாலான ஓவர்டிரைவ்களுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) வேண்டும், பிளக்கின் நடுமுனை எதிர்மின்முனையாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டரின் அடாப்டர் அளவில் கச்சிதமாகப் பொருந்திவிடும்; ஆனால் பெரும்பாலும் அது 12 வோல்ட், நடுமுனையும் நேர்மின்முனை. பாதுகாப்பு டயோடு இல்லாத பெடல் அந்த நொடியே போய்விடலாம். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் சிறிய வட்டப் படத்தைப் பெடலின் படத்தோடு ஒப்பிடாமல் செருகாதீர்கள். 18 வோல்ட்டில் ஒலி திறந்து வரும் என்று யாராவது சொன்னால், உங்கள் பெடலின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரைச்சலுக்குப் பெடலைக் குற்றம் சொல்வதற்குமுன் கிதார் வால்யூமைப் பூஜ்யமாக்கிக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் அது பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிதாரின் பகுதியிலிருந்து வருவது. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலை வாரிக்கொள்ளும், ஓவர்டிரைவ் அதையும் பெருக்கிக் காட்டும். திரும்பி உட்கார்ந்தாலே குறையலாம். வால்யூம் பூஜ்யத்திலும் இரைச்சல் தொடர்ந்தால், ஒரே அடாப்டரிலிருந்து டிஜிட்டல் பெடலுக்கும் ஓவர்டிரைவுக்கும் சங்கிலியாக இணைப்பு போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை அதைச் சரிசெய்துவிடும். ஆம்ப்பின் மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரைச்சலை அடக்கப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. எர்த் இணைப்பில் ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

பேட்டரியில் ஓட்டுபவர்கள் வாசித்து முடித்ததும் கிதார் கேபிளைப் பெடலின் இன்புட் ஜாக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அந்த ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். விளக்கு அணைந்திருந்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டேயிருக்கும்.