பழைய பெட்ரோல் காருக்கு இரட்டை சைலன்சர்: பொல்யூஷன் டெஸ்டில் மாட்டிவிடும் தவறுகள்

ஃபோர்டு இக்கான் கார் மறைமலை நகரில் தயாரானது. ஆக்சென்ட் இருங்காட்டுக்கோட்டையில், லான்சர் திருவள்ளூரில். மூன்றுமே சென்னையைச் சுற்றிப் பிறந்த வண்டிகள். இருபது வயதைத் தாண்டிய பிறகும் ஈ.சி.ஆரில் இவற்றைப் பார்க்கலாம். பலவற்றின் பின்பம்பருக்கு அடியில் இரண்டு பக்கமும் பளபளவென்று குழாய் எட்டிப் பார்க்கும். ஆசையில் தப்பில்லை. பட்டறையில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். வினை தொடங்குவது பெட்ரோல் பங்க்கில் பொல்யூஷன் செக்குக்கு நிற்கும்போதுதான்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரி செய்துகொள்ள வேண்டும். இந்தக் கார்களில் இருப்பது வரிசையாக நான்கு சிலிண்டர், ஒரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது நான்கின் புகையையும் ஒரே குழாயில் சேர்க்கும் பகுதி. இரண்டு தனி வரிசை சிலிண்டர் உள்ள வி6, வி8 எஞ்சினில்தான் நிஜமான இரட்டை எக்ஸாஸ்ட் சாத்தியம். நம் வண்டியில் ஒரே குழாயாக வரும் புகையைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறோம், அவ்வளவே. இதில் பவர் கூடாது. அழகும் சத்தமும் கிடைக்கும். அப்படியானால் எங்கே பிரிப்பது என்பதற்கும் விடை தெளிவு: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி), அதன் பின்னால் சத்தம் குறைக்க வரும் நடுப்பெட்டி இரண்டையும் தாண்டித்தான் பிரிக்க வேண்டும். மேனிஃபோல்டு முதல் கன்வெர்ட்டர் வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டிய அவசியமில்லை. புகை பாஸா ஃபெயிலா என்பது முடிவாவது அந்தப் பகுதியில்தான். பெரும்பாலான தவறுகள் அங்கே கை வைப்பதில் தொடங்குகின்றன.

எந்த எண்ணைத் தாண்டக் கூடாது

சென்னையில் பி.எஸ். 2 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் இரண்டாம் கட்டம்) வந்தது 2001-இல், பி.எஸ். 3 2005 ஏப்ரலில், பி.எஸ். 4 2010 ஏப்ரலில். பி.எஸ். 2, 3 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். வரம்பு. பி.எஸ். 4 என்றால் 0.3 சதவீதம், 200 பி.பி.எம். அதோடு 2,500 ஆர்.பி.எம். வைத்து இன்னொரு சோதனை உண்டு. அதில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பி.எஸ். 2-க்கும் முந்தைய வண்டிகளுக்கு 3 சதவீதம், 1,500 பி.பி.எம். வரை சலுகை இருக்கிறது. "பக்கத்து வீட்டு எஸ்டீம் பாஸ் ஆச்சே" என்று ஒப்பிடும்முன் அது எந்த வருஷத்து வண்டி என்று பாருங்கள்.

பெரிய குழாய் போடுவது

புதுப்பேட்டையில் கிடைத்தது என்று இரண்டு அங்குலக் குழாயை இரண்டு பக்கமும் ஓட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் அது 2.8 அங்குலக் குழாய் ஒன்றுக்குச் சமம். 1.6 லிட்டர் எஞ்சினுக்கு அது யானைச் சட்டை. புகையின் வேகம் விழும், கீழ் ஆர்.பி.எம்.மில் பிக்கப் போகும். "பேக் பிரஷர் போயிடுச்சு" என்பார்கள். உண்மையில் போனது பிரஷர் இல்லை, வேகம். நடுவில் வரும் குழாய் 44 மி.மீ. என்றால், 32 மி.மீ. குழாய் இரண்டு சேர்ந்தாலே 45 மி.மீ.க்குச் சமமாகிவிடுகிறது. 38 மி.மீ.க்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம்.

வேகம் குறைந்தால் சூடும் குறையும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. அண்ணா நகரிலிருந்து கோயம்பேடு வரை போய்வரும் வண்டியில் பின்சைலன்சர் முழுதாகச் சூடேறவே ஏறாது. ஆவி அங்கேயே தண்ணீராகத் தங்கும். இரண்டு சைலன்சரில் எதற்குப் புகை குறைவாகப் போகிறதோ அது முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். கடல் காற்று வேறு சும்மா இருக்காது. அடியில் தண்ணீர் வடிய 3 மி.மீ. துளை இருந்தால் அதை வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

கன்வெர்ட்டரைக் குடைவது, நகர்த்துவது

உள்ளே இருக்கும் தேன்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டால் 0.5 சதவீதத்துக்குள் வருவது நடக்காத காரியம். இது பலருக்குத் தெரியும். தெரியாத தவறு, கன்வெர்ட்டரைப் பத்திரமாக எடுத்து "இடம் பத்தலை" என்று இரண்டடி பின்னால் வைத்து வெல்டிங் அடிப்பது. அது வேலை தொடங்கவே 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். எஞ்சினை விட்டுத் தள்ளித் தள்ளி வைக்க, ஐடிலிங்கில் அது அணைந்த அடுப்பாகிவிடும்.

இருக்கும் கன்வெர்ட்டர் நலமா என்று வேலை தொடங்கும்முன் பாருங்கள். ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது. அடைப்பைப் பார்க்க, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் பிரஷர் கேஜ் போடுங்கள். ஐடிலிங்கில் 1.25 பி.எஸ்.ஐ.க்கும், 2,500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ.க்கும் மேல் காட்டினால் அடைப்பு. அந்த நிலையில் பின்னால் எத்தனை குழாய் போட்டாலும் பலனில்லை.

ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றுவது

ஃபெயில் ஆகிற வண்டிகளில் அதிகம் காரணமாவது இதுதான். 2010-க்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் ஒரே சென்சார், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும். எஞ்சின் சூடான பிறகு அது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். 0.45-க்குக் கீழே போனால் "பெட்ரோல் கம்மி", மேலே போனால் "பெட்ரோல் ஜாஸ்தி" என்று ஈ.சி.யு. (எஞ்சினை இயக்கும் கணினி) எடுத்துக்கொள்ளும்.

இப்போது குழாய் இணைப்பில் வரும் ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டில் ஊசி முனை அளவு லீக் இருக்கிறது என்று வையுங்கள். அதில் புகை வெளியே வரும், அது மட்டுமில்லை. எக்ஸாஸ்டில் ஓட்டம் சீராக இல்லை, துடித்துத் துடித்து வரும். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் உள்ளே அழுத்தம் இறங்க, அதே ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சும். சென்சார் அந்தக் காற்றை மோந்து "பெட்ரோல் கம்மி" என்று சொல்லும். ஈ.சி.யு. நம்பி இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கும். பிறகு கார்பன் மோனாக்சைடு ஏறும், மைலேஜ் விழும், கன்வெர்ட்டர் தேவைக்கு மேல் சூடாகும். ஓட்டுகிறவருக்கோ வண்டி நன்றாக ஓடுவதுபோலவே தெரியும்! ஸ்கேனரில் சென்சார் 0.1, 0.2 என்று கீழேயே படுத்துக்கிடக்க, ஃபியூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் ஈ.சி.யு. செய்யும் திருத்தம்) பிளஸ்ஸில் ஏறிக்கொண்டே போனால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் லீக்கைத் தேடுங்கள்.

தேடுவது எளிது. எஞ்சின் ஆறியிருக்கட்டும். ஒரு குழாயில் துணியைத் திணித்து, இன்னொன்றில் வேக்குவம் கிளீனரின் காற்று வரும் பக்கத்தைச் செருகி, மேனிஃபோல்டு முதல் டிப் (குழாயின் கடைசி முனை) வரை எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே வேலை பாக்கி. கன்வெர்ட்டருக்கு முன்னால் சின்ன நுரைகூட ஏற்கத் தக்கதல்ல.

லீக்கை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் தடவுவது அடுத்த தவறு. அதிலிருந்து வரும் ஆவி சென்சார் முனையில் படிந்து அதைக் கொன்றுவிடும். சென்சாருக்குப் பாதிப்பில்லை என்று டியூபிலேயே போட்டிருக்கும் பேஸ்ட்டை மட்டும் வாங்குங்கள். அதைவிடப் புதிய கேஸ்கெட் போடுவது மேல். சென்சாரைத் திரும்ப மாட்டும்போது மரையில் மட்டும் ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கும் பசை) தடவி, 35 முதல் 45 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் போதும். புதிதாகத் துளை போட நேர்ந்தால் கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், குழாயின் மேல்புறத்தில் போட வேண்டும். அடிப்பக்கம் போட்டால் அது தண்ணீர்க் குட்டையில் உட்கார்ந்திருக்கும்.

வெல்டிங் பட்டறையில்

பிளம்பிங் ஜி.ஐ. பைப்பை வளைத்து வேலையை முடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன. துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாகும், பற்ற வைத்த இடத்தில் பூச்சு போய் முதல் மழைக்கே துரு ஏறும். 1.2 முதல் 1.5 மி.மீ. தடிமனில் 304 அல்லது 409 ரக ஸ்டீல் கேளுங்கள். டிக் வெல்டிங் நல்லது. ஸ்டெயின்லெஸ் குழாயைக் கம்பெனி மைல்டு ஸ்டீல் குழாயோடு சேர்க்கும் இடத்தில் 309எல் கம்பி, 304-ஐ 304-ஓடு சேர்க்க 308எல். வளைவுகள் நசுங்காமல் மேண்ட்ரல் (உள்ளே வைக்கும் தாங்கு கம்பி) போட்டு வளைத்தவையாக இருக்கட்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஈ.சி.யு. கனெக்டரையும் ஆக்சிஜன் சென்சாரையும் எடுத்துவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் குழாயிலேயே மாட்ட வேண்டும். எஞ்சின் பக்கத்தில் எங்கோ மாட்டினால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. பழைய ஈ.சி.யு.வுக்கு மாற்று தேடி அலைவதைவிட இந்த ஐந்து நிமிடம் மலிவு.

தொங்கும் சக்கரத்தை நம்புவது

ராம்ப்பில் தூக்கினால் பின்ஆக்ஸில் கீழே தொங்கும். குழாய்க்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இடம் தாராளமாகத் தெரியும். அந்த இடத்தை அளந்து பற்றவைத்துவிட்டு வண்டியை இறக்கி, பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, தெருவுக்கு நாலு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் டங் டங் என்று அடிக்கும். ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக் ஸ்டாண்டு வைத்துப் பாரம் ஏறிய நிலையில் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

குழாய் சூட்டில் நீளும் என்பதும் மறந்துபோகிறது. இரண்டு மீட்டர் 304 குழாய் 300 டிகிரி கூடினால் 10 மி.மீ. நீளும். ரப்பர் தொங்கிகள் அந்த அசைவுக்கு இடம் கொடுக்க வேண்டும். சத்தம் வருகிறதென்று கம்பியால் இறுக்கிக் கட்டினால், நீள இடமில்லாத குழாய் முன்னால் போய் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பிளக்கும். மறுபடியும் லீக், மறுபடியும் சென்சார் கதை.

சட்டம் சொல்வது

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது. பின்னாலோ வலப்பக்கமோதான் போகலாம். அதனால் இடது டிப்பை ஸ்டைலாக வெளிப்பக்கம் திருப்பி வைப்பது தப்பு, நேராகப் பின்னால் பார்க்கட்டும். எரிபொருள் குழாயிலிருந்து 35 மி.மீ.க்குள் எக்ஸாஸ்ட் குழாய் வரக் கூடாது. புதிதாக ஓடும் இரண்டாவது கிளை பெட்ரோல் டேங்க் பக்கமாகப் போகும்போது இதைக் கட்டாயம் அளக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை, சத்தமோ புகையோ வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நடுப்பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிற்கப்போகிறது. அப்போது திரும்ப மாட்ட வேண்டி வரலாம், பழைய சைலன்சரை எடைக்குப் போடாமல் மொட்டைமாடியில் வையுங்கள்.

டெஸ்ட் அன்று

பேட்டரியைக் கழற்றியதால் ஈ.சி.யு. கற்றுவைத்த திருத்தங்கள் அழிந்திருக்கும். பட்டறையிலிருந்து நேரே பங்க்குக்குப் போகாதீர்கள். சிக்னலும் ஹைவேயும் கலந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு ஆறும்முன் டெஸ்ட் எடுங்கள். வரிசை நீளமாக இருந்தால் உங்கள் முறைக்கு முன் இரண்டு நிமிடம் 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்து கன்வெர்ட்டரைச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

கேஸ் அனலைசரின் கம்பி 300 மி.மீ. உள்ளே போக வேண்டும். டிப்புக்கு அடுத்தே வளைவு வைத்துவிட்டால் கம்பி பாதியில் முட்டும், வெளிக்காற்றும் சேர்ந்து இழுபடும். வரைபடம் போடும்போதே டிப்பிலிருந்து ஓரடி நேர்க்குழாய் விடுங்கள். குழாய் இரண்டு என்பதால் இரண்டிலும் அளந்து சராசரி எடுப்பதே முறை. பங்க்கில் பெரும்பாலும் கைக்கு எட்டியதில் செருகிவிடுவார்கள். இரண்டிலும் பார்க்கச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரு உதாரணம். வலது குழாயில் கார்பன் மோனாக்சைடு 0.31, கார்பன் டை ஆக்சைடு 14.2, ஆக்சிஜன் 0.6 சதவீதம். இடது குழாயில் 0.19, 8.5, 8.7. இடது சுத்தமாகத் தெரிகிறதே என்று மகிழ வேண்டாம். ஒரே எஞ்சினின் புகை இரண்டு மாதிரி எரிந்திருக்க வழியில்லை. இடது கிளையில் ஓட்டம் குறைவு, துடிப்புக்கு இடையில் டிப் வழியாகக் காற்று உள்ளே போகிறது, புகை நீர்த்துவிட்டது. 0.31-ஐ 8.5-ஆல் பெருக்கி 14.2-ஆல் வகுத்தால் அதே 0.19 வருகிறது பாருங்கள். பி.எஸ். 4 வண்டியாக இருந்தால் 2,500 ஆர்.பி.எம். சோதனையில் இவ்வளவு ஆக்சிஜன் நின்றால் லாம்டா 1.03-ஐ எப்போதோ தாண்டியிருக்கும்.

காரணம் பெரும்பாலும் டி வடிவ இணைப்பு. ஒரு கிளை 40 செ.மீ., இன்னொன்று ஸ்பேர் வீல் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு 110 செ.மீ. என்று இருந்தால் புகை கிட்டத்து வழியில்தான் போகும். ஒய் வடிவ இணைப்பைப் போட்டு, இரண்டு கிளையின் நீளமும் 15 செ.மீ.க்கு மேல் வேறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இடமில்லாத வண்டியில் குறுக்காக வைக்கும் ஒரே சைலன்சர், ஒரு வாய் உள்ளே, இரண்டு வாய் வெளியே என்பதே நல்ல தேர்வு. பார்வைக்கு ஒன்றும் குறையாது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஓட்டம் கிடைக்கும், கூடுதல் எடையும் இல்லை.

இரண்டு குழாயும் ஒரே எண்ணைக் காட்டி, அந்த எண் வரம்பைத் தாண்டினால் குழாய் வேலையில் குற்றமில்லை. ஏர் ஃபில்டர், பிளக், சென்சார், கன்வெர்ட்டர் என்ற வரிசையில் பாருங்கள்.