யாளிக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும்: கட்டைகளால் கற்பனை நிலமும் விலங்கும்

லெகோ கட்டைகளால் கற்பனை உலகம் கட்டப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் விலங்கில்தான் தொடங்குகிறார்கள். மூன்று தலை, ஆறு இறக்கை, வாய் நிறைய நெருப்பு. முடித்து மேசை மேல் நிறுத்தினால் அது பொம்மையாகவே நிற்கிறது. அது எங்கே வாழ்கிறது, எந்தப் பாறையில் படுத்து வெயில் காய்கிறது, எதைப் பிடித்து ஏறுகிறது என்று யாரும் யோசிக்காததுதான் காரணம். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் வீட்டு பிளான் வரைந்து பிழைக்கிறவன் நான். மனையைப் பார்க்காமல் பேனாவை எடுப்பதில்லை. கட்டை விஷயத்திலும் அதே பிடிவாதம்: முதலில் நிலம், பிறகுதான் விலங்கு. இரண்டிலும் சேர்த்து ஒரே ஒரு பொய்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்.

ஒரு பொய் என்றால் என்ன? குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். சரிவில் படிப்படியாகத் தளம் வெட்டி, கோடு பிடித்தாற்போல மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் சாய்வாக ஒரு வெட்டு, அதன் கீழே பால் வடியும் கிண்ணம். இதை அப்படியே கட்டுங்கள். பழுப்பு நிற வட்டக் கட்டைகளை அடுக்கினால் தண்டு தயார். நடுவில் ஒரு கிளிப், அதில் ஒரு சிறு கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் மட்டும் பாலுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் நீல நிற வட்டத் துண்டை வையுங்கள். தோட்டம் முழுக்க நீல ஒளி வடிகிறது என்று பார்க்கிறவர் தானாகவே நம்பிவிடுவார். இலையும் ஊதா, மண்ணும் பச்சை, வானத்தில் மூன்று நிலா என்று போனால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது.

கணக்கு கொஞ்சம்

இதைத் தாண்டிப் போக முடியாது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டையின் மேல் துருத்தி நிற்கும் வட்ட மொட்டுதான் குமிழ். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. பிளேட் எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் 3.2 மி.மீ. ஆக மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இன்னொன்று: ஐந்து பிளேட் அடுக்கினால் 16 மி.மீ.; இரண்டு குமிழின் அகலமும் அதே 16 மி.மீ. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தும்போது இடைவெளி விழாமல் உட்காருவது இந்த ஒரு கணக்கால்தான். கீழே பாறைக்கும் விலங்கின் உடலுக்கும் இதுவே உதவப்போகிறது.

டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கட்டையின் அளவு இன்றுவரை மாறவில்லை. எனவே யார் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கட்டையும் பயன்படும். நிறைய வேண்டும் என்ற பயமும் வேண்டாம். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதமாக இணைக்கலாம் என்று கணிதக்காரர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பெயரில்லாத பைகளில் எடைக்கு வரும் கட்டைகளை வாங்கினால் பிடிப்பைச் சோதித்துவிட்டு வாங்குங்கள்: பத்துக் கட்டைகளை ஒரே வரிசையில் அடுக்கி, மேல் கட்டையைப் பிடித்துத் தூக்கி லேசாக உதற வேண்டும். கழன்று விழுந்தால் அவை நிலத்துக்கு உள்ளே போகட்டும், விலங்கின் காலுக்கு வேண்டாம்.

பிரித்து வைப்பதில் ஒரு யோசனை. நிறவாரியாகப் பிரிக்காதீர்கள். சிவப்புக் குவியலுக்குள் சிறிய சிவப்புத் துண்டைத் தேடுவது கொடுமை. வடிவவாரியாகப் பிரித்தால் நிறம் தானாகக் கண்ணில் படும்.

நிலம்

மலையைக் கெட்டியாகக் கட்டுவது வீண். உள்ளே பொந்தாக விட்டு, நான்கைந்து தூண்கள் எழுப்பி, மேலே தோல் போர்த்தினால் போதும். தூணுக்குச் சின்னக் குழந்தைகளுக்கான டூப்லோ கட்டைகள் மிகவும் நல்லவை. அவை எல்லாப் பக்கத்திலும் இரு மடங்கு பெரியவை. அவற்றின் மேல் சாதாரண கட்டைகள் பொருந்தும். அக்கம்பக்கத்தில் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் கேட்டுப் பாருங்கள். உள்ளே என்ன நிறம் என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

தோலுக்கு மாதிரி வேண்டுமா? முட்டத்துக்குப் போங்கள். மேலே செம்மண் மேடு, மழை அரித்த வரிகளோடு. கீழே கரும்பாறைகள். நடுவில் அலை. கலங்கரை விளக்கத்துக்குப் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நீங்கள் பாறையின் காலடியைப் பாருங்கள். அலை தொடும் உயரம் வரை பாறை கறுத்திருக்கும், அதற்கு மேல் வெளுத்திருக்கும். கட்டையில் பாறை கட்டுகிறவர்கள் சாம்பல், கரும் சாம்பல், பழுப்பு எல்லாவற்றையும் கலந்து தூவுகிறார்கள். அது மிக்சர் பொட்டலம் போல ஆகிவிடுகிறது. இயற்கையில் நிறம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். கீழே கரும் சாம்பல் ஒரு பட்டை. அதன் மேல் இளஞ்சாம்பல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் விரல்கள் கோத்தாற்போல ஒன்றுக்குள் ஒன்று நுழையட்டும். செம்மண் மேட்டுக்குக் கரும் ஆரஞ்சும் செம்பழுப்பும் போதும். பழைய செம்பழுப்புக் கட்டைகள் எளிதில் விரிசல் விடும் என்பதால் அவற்றைச் சும்மா உட்காரும் இடத்தில் வையுங்கள். கிளிப் இழுக்கும் இடத்தில் வேண்டாம்.

பாறையின் வெட்டு முகம் வர, சரிவுக் கட்டைகளை ஒரே திசையில் அடுக்கக் கூடாது. ஒன்றைக் கிழக்கே, அடுத்ததைத் தெற்கே திருப்பி வையுங்கள். ஓரிடத்தில், பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகளைச் சுவரில் பதித்து, அதன் மேல் சரிவுகளைப் படுக்கையாகப் பொருத்துங்கள். முன்பு சொன்ன ஐந்துக்கு இரண்டு கணக்கு இங்கேதான் வேலை செய்யும். குமிழ்கள் தெரிகிற பாறை பாறையாகத் தெரியாது. புல்லில் தெரிந்தால் பரவாயில்லை.

தண்ணீருக்கு அடியில் நிறம் போட்டு, மேலே ஒளி ஊடுருவும் டைல்களை, அதாவது குமிழ் இல்லாத வழவழப்பான மெல்லிய துண்டுகளை, பரப்ப வேண்டும். கரையோரம் அடிநிறம் மணல் நிறமாகவும், தள்ளிப் போகப் போக இளநீலமாகவும் கருநீலமாகவும் மாறட்டும். அருவி கட்டுகிறவர்கள் ஒரு தூணைப் போல நேராக இறக்கிவிடுகிறார்கள். திற்பரப்பில் கோதையாறு அகன்ற பாறையில் பரவி, பல கிளையாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து விழுவதைப் பார்த்தவர் அப்படிச் செய்ய மாட்டார். பாறைப் படிகளை முதலில் கட்டி, அவற்றின் மேல் வெள்ளைத் துண்டுகளையும் ஒளி ஊடுருவும் துண்டுகளையும் ஒட்டினாற்போல இறக்குங்கள். நடுநடுவே கரும்பாறை தெரியட்டும்.

அளவில் ஒரு தந்திரம். கட்டை மனிதர் ஏறத்தாழ 4 செ.மீ. உயரம்; நம்மோடு ஒப்பிட்டால் நாற்பதில் ஒரு பங்கு. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் 115 அடி உயரத்தை அந்த அளவில் கட்டினால் 80 செ.மீ. தாண்டும், எண்பதுக்கும் மேற்பட்ட கட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக. அத்தனை தூண்களுக்கும் யாரிடம் கட்டை இருக்கிறது? எனவே மனிதரை முன்னால் பெரிய மரத்தடியில் நிறுத்துங்கள். பாலத்தைப் பின்னால் ஒற்றைக் குமிழ் அகலத் தூண்களாகச் சிறுத்துக் கட்டுங்கள். நடுவில் ஒரு மேடு மறைத்தால் போதும், பாலம் ஒரு மைல் தள்ளிப் போய்விடும். கற்பனை நாட்டுக்குத் தொலைதூரம் மிக முக்கியம். அது கட்டையால் வருவதைவிட மறைப்பதால்தான் அதிகம் வருகிறது.

விலங்கு

அக்காள் மகன் வந்தால் கேட்பது ஒன்றுதான்: “மாமா, டிராகன் கட்டுவோமா?” அவனைச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குக் கூட்டிப்போய் யாளித் தூண்களுக்கு முன்னால் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னேன். யாளியில் புதிதாக எதுவுமே இல்லை. சிங்க முகம், யானைத் துதிக்கை, தந்தம் என எல்லாம் எங்கோ பார்த்த உறுப்புகள். சேர்த்த விதம்தான் பொய். அதைவிட எனக்குப் பிடித்தது சிற்பியின் எச்சரிக்கை. கல்லில் எந்த உறுப்பும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்காது. துதிக்கை மார்பையோ கீழே இருப்பதையோ தொட்டு நிற்கும், உடல் தூணோடு ஒட்டியிருக்கும். நீட்டினால் உடையும். நம் கட்டைக்கும் அதே விதிதான்.

எனவே பின்னங்காலில் எழுந்து நிற்கும் யாளியைக் கட்டுவோம். முதலில் எலும்பு. துளை வரிசையுள்ள டெக்னிக் சட்டம் ஒன்றை முதுகெலும்பாக வையுங்கள். இடுப்பில் பந்து மூட்டு வைக்காதீர்கள். எல்லாப் பக்கமும் திரும்பும் என்பது ஆசை காட்டும். பாரம் ஏறியதும் மெல்லச் சரிந்து, காலையில் பார்த்தால் யாளி குப்புறக் கிடக்கும். பல் வைத்த கீல் மூட்டு 22.5 பாகை வீதம் டக்கென்று நின்று நின்று திரும்பும், பாரம் தாங்கும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் அது. கழுத்துக்கும் வாலுக்கும் பந்து மூட்டு போதும்.

அடுத்து நிற்குமா என்று பாருங்கள். சதை ஏற்றாமல் எலும்பை மட்டும் மேசையில் நிறுத்தி, தலை வரும் இடத்தில் நான்கைந்து கட்டைகளைக் கனத்துக்காகச் செருகுங்கள். சாய்கிறதென்றால் இப்போதே காலை முன்னே நகர்த்துங்கள். துதிக்கையைக் கீழே இறக்கி, முன்னால் உள்ள பாறையைத் தொட விட்டால் அது மூன்றாவது காலாகிவிடும். பாறையை முதலில் கட்டச் சொன்னது இதற்கும்தான்.

உடலுக்கு மையமாக, இரண்டு குமிழ் நீளமும் இரண்டு குமிழ் அகலமும் கொண்ட அடுக்கு. பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகள் ஒரு வரிசை, குமிழ்கள் நான்கு புறமும் வெளியே பார்த்தபடி; மேலே இரண்டு பிளேட். உயரம் ஐந்து பிளேட், அதாவது 16 மி.மீ.; எல்லாப் பக்கமும் சமமான கனசதுரம். இப்படி மூன்று நான்கை முதுகெலும்பில் தொடுத்து, வெளியே வளைந்த சரிவுகளை நான்கு புறமும் ஒட்டினால் மார்பு உருண்டு வரும். நிறம் இரண்டு சாம்பலுக்கு மேல் வேண்டாம்.

தந்தத்துக்கு எனக்குப் பிடித்தது வாழைப்பழம். ஆமாம், லெகோவில் குட்டி வாழைப்பழத் துண்டு உண்டு. கிளிப்பில் பிடித்தால் சரியான வளைவில் தந்தமாக நிற்கும். மஞ்சள்தான் எளிதில் கிடைக்கும், பழைய தந்தத்துக்கு மஞ்சள் பொருத்தமே. மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் யாளிக்கு வாழைப்பழத் தந்தம் வைப்பதில் தப்பில்லை.

கண்ணுக்குத்தான் பொறுமை வேண்டும். பெரும்பாலோர் முகத்தின் மேல் ஒரு வட்டத்தை ஒட்டிவிடுகிறார்கள்; விலங்கு திகைத்துப்போய்ப் பார்ப்பது போல இருக்கும். ஒற்றைக் குமிழ்க் கட்டையில் பக்கவாட்டுக் குமிழ் சற்று உள்ளடங்கிய ஒரு வகை உண்டு, காரின் முகப்பு விளக்குக்குச் செய்தது. அதில் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வட்ட டைலைப் பொருத்துங்கள். கண் குழிக்குள் போய்விடும். அதன் மேல் ஒரு பிளேட்டை முன்னால் நீட்டி, நுனியில் மிகச் சிறிய சரிவுத் துண்டை வையுங்கள். அதுதான் புருவம். இப்போது விளக்கை மேலிருந்து காட்டுங்கள். புருவத்தின் நிழல் கண்ணின் மேல் பாதியில் விழும், யாளி முறைக்கும். புருவத் துண்டை வெளிப்பக்கம் திருப்பினால் சாந்தம், மூக்குப் பக்கம் சரித்தால் கோபம். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய அவசியமில்லை.

இறக்கை வேண்டும் என்று அடம்பிடித்தால் மடக்கியே வையுங்கள். விரித்த இறக்கை நெம்புகோல் மாதிரி தோளைப் பிடுங்கிவிடும். நெருப்பு வேண்டாம்.

தூக்கிப்போவதும் கழுவுவதும்

பெரிய நிலத்தை ஒரே துண்டாகக் கட்டாதீர்கள். 32 குமிழ் அடித்தகடு ஏறத்தாழ 25 செ.மீ. சதுரம், ஒவ்வொன்றும் தனித் துண்டாக, ஓரங்களில் டெக்னிக் ஊசிகளால் இணையும்படி இருக்கட்டும். இணைப்புக் கோட்டின் மேல் ஓர் ஓடையோ வேலியோ ஓடினால் கோடு மறைந்துவிடும். ஆட்டோவில் கொண்டுபோகும்போது யாளியைக் கழற்றித் தனி டப்பாவில், துணி சுற்றிப் படுக்க வையுங்கள்.

சன்னல் வெயில் படும் அலமாரி வேண்டாம். வெள்ளையும் நீலமும் மஞ்சளித்துப்போகும். கழுவ 40 பாகைக்கு மேல் சூடில்லாத தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். இங்கே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் காய வைப்பதுதான் பெரிய பாடு. அவசரப்பட்டு மொட்டைமாடி வெயிலில் பரப்பாமல், உள்ளே பழைய துண்டின் மேல், குமிழ் மேலே இருக்கும்படி ஒற்றை அடுக்காக வைத்து ஃபேன் போடுங்கள். அடிப்பக்கப் பொந்தில் தங்கும் தண்ணீர் துண்டில் இறங்கிவிடும். டெக்னிக் துளைகளை மட்டும் ஊதிப் பார்த்துவிட்டு டப்பாவில் போடுங்கள்.