கணினிக் கேசிங்கில் காற்றுக்கு வழி திறப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பிற்பகல் வெயிலுக்கு வீட்டுக்குள்ளேயே வெப்பம் 32, 33 பாகையைத் தொட்டுவிடுகிறது. எத்தனை காற்றாடிகளைப் பூட்டினாலும் அறையில் உள்ள காற்றைவிடக் கணினியின் உட்புறம் குளிர்ந்துவிடாது. சூடேறிய காற்று உள்ளே தேங்காமல் வெளியேறவும், அறைக் காற்று தடையின்றி நுழையவும் வழி செய்வது மட்டுமே நம்மால் ஆகக்கூடியது.

அதற்காகக் கேசிங்கின், அதாவது கணினிப் பெட்டியின், தகட்டில் காற்றாடிக்குத் துளை வெட்டுவதற்கு முன் கேசிங்தான் குற்றவாளியா என்று பார்த்துவிட வேண்டும். கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் செயலி, திரைக்காட்சியை உருவாக்கும் கிராபிக் கார்டு ஆகியவற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். ஐந்து பாகைக்கு மேல் இறங்கினால் கேசிங் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். இறங்கவே இல்லையென்றால் செயலியின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கில் அடைந்த தூசியையோ, இரண்டுக்கும் இடையே பூசிய வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருப்பதையோ கவனியுங்கள். அந்த நிலையில் தகட்டை வெட்டுவது வீண் வேலை.

வெட்ட ஏற்ற இடம் முன்பக்கத்தின் கீழ்ப்பகுதி, அதாவது கிராபிக் கார்டுக்கு நேர் எதிர். அழகுக்காக மூடப்பட்ட பிளாஸ்டிக் முகப்புக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டில் பொடிப்பொடியான துளைகளே இருப்பதால், அங்கே பூட்டிய காற்றாடி இரைச்சல் போடுமே தவிர போதிய காற்றை இழுக்காது. முகப்பிலும் அதே இடத்தில் திறப்பு இல்லையென்றால் தகட்டை மட்டும் வெட்டிப் பயனில்லை. பக்கவாட்டில் இருப்பது டெம்பர்ட் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) என்றால் அதில் டிரில்லை வைக்கவே கூடாது, மொத்தமும் நொறுங்கிவிடும்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டு உட்பட அனைத்தையும் கழற்றி எடுத்த பிறகே வெட்ட வேண்டும், ஏனெனில் ஓர் இரும்புத் துகள் சிக்கிக்கொண்டாலும் ஷார்ட் ஆகிவிடக்கூடும். 120 மில்லிமீட்டர் காற்றாடிக்கு நடுத்துளை ஏறத்தாழ 115 மில்லிமீட்டர் விட்டம் இருந்தால் போதும். அடுத்தடுத்த திருகுத் துளைகளின் மையங்களுக்கு இடையே 105 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தகட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் அளவை வரைந்து, அடியில் ஒரு பலகையை முட்டுக்கொடுத்து, டிரில்லில் பூட்டிய துளை ரம்பத்தை (ஹோல் சா) மெதுவான வேகத்தில், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டினால் தகடு நெளியாமல் வெட்டுப்படும். பாதுகாப்புக் கண்ணாடியும், வெட்டிய தகட்டைக் கையாளும்போது கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

பலர் விட்டுவிடுவது இதற்கடுத்த வேலையைத்தான். நம் ஊர் ஈரப்பதத்தில், வெட்டிய விளிம்பு வெறும் இரும்பாக நின்றால் விரைவிலேயே துரு ஏறிவிடும். அரத்தால் பிசிறை ராவி, பிரைமரும் சாயமும் பூசி, நன்கு காய்ந்த பின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையைச் செருகுங்கள். கம்பி உரசாது, கையும் கிழியாது.

வடிகட்டியும் அதே அளவுக்கு முக்கியம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் செம்மண் சாலையில் கிளப்பிவிடும் தூசி சன்னல் வழியாக வரத்தான் செய்யும். திறந்த துளையை எறும்பும் பல்லியும்கூட விட்டுவைப்பதில்லை. காந்த விளிம்புள்ள நைலான் வலை போதுமானது. கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டுவதைவிட அது மேல், ஏனென்றால் கழுவுவதற்கு நொடியில் எடுத்துவிடலாம்.

காற்றாடியின் சட்டத்தில் அம்புக்குறி இல்லையென்றால், குறுக்குக் கம்பிகள் தெரியும் பக்கமே காற்று வெளிவரும் பக்கம் எனக் கொள்ளலாம். முன்பக்கம் உள்ளிழுக்க, பின்பக்கம் வெளித்தள்ள வேண்டும். உள்ளே வரும் காற்று சற்றுக் கூடுதலாக இருந்தால், இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே கசியுமே தவிர வடிகட்டாத தூசி உள்ளே நுழையாது. ஓர் ஊதுபத்தியை அந்த இடுக்குகளிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தால் புகை போகும் திசையே அதைக் காட்டிவிடும்.

மதர்போர்டின் காற்றாடி இணைப்பு பெரும்பாலும் 1 ஆம்பியரை மட்டுமே தாங்கும் என்பதால், ஒரே முனையில் பல காற்றாடிகளைச் சேர்க்கும் முன் அவற்றின் மேல் அச்சிட்டுள்ள ஆம்பியர் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். பிறகு முதல் சோதனையை அதே பிற்பகல் வேளையில் மீண்டும் செய்யுங்கள். இரவில் அளந்தால் வெயில் தணிந்ததன் பலனும் கேசிங்கின் கணக்கில் சேர்ந்துவிடும்.