டோரெமோலினோஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதத்தில் தென் ஸ்பெயினின் மாலகா கடற்கரையில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, பிற்பகல் 2 மணி 20 நிமிடத்தைத் தாண்டிய பிறகுதான். கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே கிடக்கும் இந்தப் பகுதி, 1940-இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியதிலிருந்து மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. கோடைக்கால நேர மாற்றம் அதன் மேல் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கூட்டுகிறது. மாலகா விமான நிலையத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் டோரெமோலினோஸ் என்ற கடலோர விடுமுறை ஊருக்குச் செல்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியை அறியாததால் நேர்பவை. அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஊரோ சூரியனைப் பார்த்து நடக்கிறது.

முதல் தவறு கடற்கரையிலேயே தொடங்குகிறது. மதிய உணவை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் 3 மணிக்குக் குழந்தைகளை மணலுக்கு அழைத்துச் செல்பவர்கள், உண்மையில் உச்சி வெயிலில்தான் அவர்களை நிறுத்துகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களில் பலர் காலையில் வருவார்கள், அல்லது 6 மணிக்கு மேல் வந்து, 9 மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருக்கும் அந்த நீண்ட மாலையை மணலில் கழிப்பார்கள். கோடையில் சில நாள்களில் உள்நாட்டிலிருந்து தெர்ரால் என்னும் அனல் காற்று வீசும். அன்று ஊர் கொதிக்கும். ஆனால் அந்தக் காற்று கரையோரத்து மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுவதால், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். வெப்பத்துக்குப் பயந்து கடலில் பாய்பவர்கள் அந்தக் குளிரை எதிர்பார்ப்பதில்லை. கரையில் பறக்கும் கொடியைப் பார்க்காமல் இறங்குவது இன்னும் பெரிய தவறு. சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை தேவை.

சாப்பாட்டு நேரத்திலும் இதே கணக்குத்தான். பகல் 12 மணிக்கு உணவகத்தில் போய் உட்கார்ந்தால் அடுப்பு பற்றியிருக்காது. மாலை 6 மணிக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே நாள் முழுவதும் திறந்திருக்கும் கடைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் எப்போதும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, ஸ்பானிய உணவு பிடிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து. மதிய உணவு 2 மணியை ஒட்டியும், இரவு உணவு 9 மணியை ஒட்டியும்தான். வேலை நாள்களில் மதியம் கிடைக்கும் ‘மெனு டெல் தியா’ என்ற அன்றைய சாப்பாட்டில் இரண்டு பதார்த்தங்களும் ரொட்டியும், பெரும்பாலும் ஒரு பானமும் இனிப்பும் சேர்ந்தே வரும். பணத்துக்கு ஏற்ற உணவு அதுதான். சிறிய கடைகள் பலவும் 2 மணியிலிருந்து 5 மணி வரை சாத்தியிருக்கும் என்பதால், மருந்து, பால் போன்றவற்றை முற்பகலிலேயே வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

சைவ உணவு உண்பவர்கள் இங்கே சற்றுக் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. ஹமோன் எனப்படும் பதப்படுத்திய பன்றித் தொடையை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காமல், வெறும் சுவைக்காகத் தூவும் பழக்கம் அங்கே உண்டு. சால்மோரேஹோ என்ற கெட்டியான தக்காளிக் குளிர்சூப்பின் மேல் முட்டையும் ஹமோன் துணுக்குகளும் வரும். ‘என்சலாதா மிக்ஸ்தா’ என்ற கலவைச் சாலட்டில் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். எனவே இறைச்சி, மீன், ஹமோன் என்று மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். நம்பிக் கேட்கக்கூடியவையும் உண்டு: பாதாமும் பூண்டும் ரொட்டியும் சேர்த்து அரைத்து, மேலே திராட்சை போட்டுத் தரும் அஹோபிளாங்கோ, மெல்லியதாகச் சீவிப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தரும் கத்திரிக்காய். இந்தப் பாகை அவர்கள் ‘கரும்புத் தேன்’ என்று அழைத்தாலும் அதில் தேனீயின் தேன் இல்லை. ஆனால் கத்திரிக்காயை மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது உசிதம்.

காபியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பால் எவ்வளவு, டிகாக்‌ஷன் எவ்வளவு என்பதில் நம்மைப் போலவே மாலகாக்காரர்களும் கறாரானவர்கள். பாதிக்குப் பாதி வேண்டுமானால் ‘மிதாத்’ என்றும், பால் தூக்கலாக வேண்டுமானால் ‘சோம்ப்ரா’ என்றும், பெயருக்கு மட்டும் காபி வேண்டுமானால் மேகம் என்று பொருள்படும் ‘நூபே’ என்றும் கேட்க வேண்டும். வெறுமனே காபி என்று கேட்டுவிட்டு, வந்ததைக் குறை சொல்லிப் பயனில்லை.

மீன் உண்பவர்கள் லா கரிஹுவேலா பக்கம் போகாமல் திரும்பினால் அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. டோரெமோலினோஸின் பழைய மீனவர் குடியிருப்பு அது. கடற்கரை உணவகத்தின் முன்னே மணல் நிரப்பிய பழைய படகு ஒன்று நிற்கும். அதன் மேல் ஆலிவ் விறகு எரிந்துகொண்டிருக்கும். மத்தி மீன்களை, குடலெடுக்காமல், நாணல் குச்சியிலோ கம்பியிலோ வரிசையாகக் கோத்து, கல்லுப்பைத் தூவி, நெருப்புக்குச் சற்றுத் தள்ளி மணலில் சாய்த்துக் குத்திவைப்பார்கள். தழல் நேரே படாமல் அனல் மட்டும் பட வேண்டும். காற்று திசை மாறினால் குச்சியின் இடத்தையும் சாய்வையும் உடனே மாற்ற வேண்டும். தோல் பொன்னிறமாகி உப்பு பொரிந்து நிற்கும்போது எடுப்பார்கள். இதுதான் எஸ்பெட்டோ. மத்தி கொழுத்திருப்பது மே முதல் ஆகஸ்ட் வரைதான் என்பது உள்ளூர் வழக்கு. ஜனவரியில் போய்க் கேட்டால் அந்தச் சுவையை எதிர்பார்க்க முடியாது. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு அதைச் சிதைப்பதும் தவறே. கையால் பிய்த்துச் சாப்பிடுவதுதான் முறை.

ஒரு நாள் பயணங்களைப் பொறுத்தவரை, வரைபடத்தில் தெரியும் தொலைவைப் பயண நேரமாக எண்ணிவிடுவதே பொதுவான பிழை. மாலகா நகருக்குச் செல்வதில் சிக்கல் இல்லை: விமான நிலையம் வழியாகச் செல்லும் சி1 புறநகர் ரயில் சுமார் 20 நிமிடங்களுக்கு ஒன்று வீதம் ஓடி, அரை மணி நேரத்துக்குள் நகர மையத்தில் இறக்கிவிடும். மேற்கே அந்தப் பாதை ஃபுவென்ஹிரோலாவோடு முடிந்துவிடுவதால் மார்பேயாவுக்குப் பேருந்துதான். மாலகா நகரின் அத்தராசானாஸ் சந்தை பிற்பகல் 3 மணி வரைதான், ஞாயிறு விடுமுறை. பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை.

கிரனாடா நகரின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனை வளாகம் அப்படியல்ல. அங்கே செய்யும் தவறுக்கு அன்றைக்குப் பரிகாரமே கிடையாது. கோடையில் நுழைவுச்சீட்டுகள் பல நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். சீட்டில் பார்வையாளரின் பெயர் இருக்கும். அசல் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். கட்டணமில்லாத சிறு குழந்தைக்கும் சீட்டு வேண்டும். அதைவிட முக்கியமானது, வளாகத்துக்குள் இருக்கும் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையச் சீட்டில் குறித்திருக்கும் நேரம். அதைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மாலகாவிலிருந்து கிரனாடாவுக்குப் பேருந்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். இறங்கும் பேருந்து நிலையம் அல்ஹம்ப்ராவுக்கு அருகில் இல்லை. நகரப் பேருந்தில் மாறிச் செல்ல வேண்டும். வளாகத்துக்குள் நுழைந்த பிறகும் அரண்மனை வாயிலுக்குக் கால் மணி நேர நடை உண்டு. ஆகவே டோரெமோலினோஸிலிருந்து கிளம்புகிறவர் காலை 10 மணிக்கு அனுமதி வாங்குவது வலியத் தேடிக்கொள்ளும் பதற்றம். பிற்பகலுக்கு வாங்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

பாறைச்சுவரில் பதித்த பலகை நடைபாதையான கமினிட்டோ டெல் ரேய், 2015-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது; இப்போது அது ஒரு வழிப் பாதை. ரயிலில் எல் சோரோ நிலையத்தில் இறங்குபவர்கள் நுழைவாயில் அங்கேயே இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அது வெளியேறும் முனை; இணைப்புப் பேருந்தில் வடமுனைக்குப் போய், அங்கிருந்தும் சற்று நடந்தால்தான் நுழைவாயில் வரும். திங்களன்று மூடியிருக்கும், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாரிஃபா என்ற ஸ்பானியத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுமார் ஒரு மணி நேரத்தில் மொராக்கோவின் டான்ஜியருக்குப் போய்விடலாம் என்பதால் அதையும் ஒரு நாள் பயணமாக விற்கிறார்கள். ஒருமுறை நுழைவு மட்டுமே உள்ள ஷெங்கன் விசாவோடு அந்தக் கப்பலில் ஏறினால், அதே விசாவில் ஸ்பெயினுக்குள் திரும்பி வர முடியாது. மொராக்கோவின் விசா விதிகள் தனி. சீட்டு வாங்குமுன் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 16 அன்று டோரெமோலினோஸில் இருப்பவர்கள், அன்றைக்கு எந்த வெளியூர்ப் பயணமும் வைத்துக்கொள்ள வேண்டாம். மீனவர்களின் காவல் அன்னையான கார்மென் மாதாவின் திருநாள் அது. லா கரிஹுவேலாவில் மாதாவின் திருவுருவத்தைத் தோளில் சுமந்து தெருக்கள் வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுவந்து படகில் ஏற்றுவார்கள். இதைக் காட்சி நிகழ்ச்சியாக எண்ணி, படம் எடுப்பதற்காகச் சுமப்பவர்களின் முன்னே போய் நிற்கக் கூடாது. மணலில் கூட்டத்தோடு ஒதுங்கி நின்றாலே போதும். படகு கரையை விட்டு நகர்வது எல்லோருக்கும் தெரியும்.