ஜாவா ஃபெர்ன்: மணலில் புதைக்காமல் வளர்க்கும் முறை

மீன் தொட்டியில் ஜாவா ஃபெர்ன் அழுகுகிறதென்றால், பெரும்பாலும் அதை மணலில் நட்டிருப்பார்கள். இலைகளுக்கு அடியில் இஞ்சித் துண்டுபோல் படுத்தவாக்கில் ஓடும் பச்சைத் தண்டுதான் ரைசோம். அதை மூடினால் கறுத்துக் குழைந்து, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். தென்கிழக்கு ஆசிய ஓடைகளில் பாறையையும் மரத்தையும் பற்றி வளர்கிற செடி இது. பிடிமானம் போதும், மண் வேண்டாம்.

கடையில் வேரைச் சுற்றி வைத்துத் தரும் பஞ்சையும் ஈயப்பட்டையையும் முழுக்க எடுத்துவிடுங்கள். வேர் கரும்பழுப்பாக இருப்பது இயல்புதான்; அழுகல் என்று நினைத்து வெட்ட வேண்டாம். கையளவு கருங்கல்லில் ரைசோமைக் கிடத்தி, தூண்டில் நரம்பால் மூன்று நான்கு சுற்று கட்டுங்கள். வெட்டுப்படும் அளவுக்கு இறுக்கக் கூடாது. பருத்தி நூல் சீக்கிரம் மக்கிவிடும்; இதுவோ மெதுவாக வேர்விடும் செடி, அதனால் நரம்பே நல்லது. ஜெல் வடிவச் சூப்பர் க்ளூவும் உதவும்: ஈரத்தைத் துடைத்து, ஒரு சொட்டு வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

சாதாரண எல்.இ.டி. விளக்கு தினமும் 6 முதல் 8 மணி நேரம். அதற்குமேல் எரியவிட்டால் இலைமேல் பாசிதான் படரும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. 20–28 டிகிரி செல்சியஸ் இதற்குச் சுகம். நம் ஊர்க் கோடையில் தண்ணீர் 30ஐத் தாண்டும்போது மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீரை நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

புதுத் தொட்டிக்கு வந்ததும் சில பழைய இலைகள் கண்ணாடிபோல் வெளிறிக் கரையலாம். அவற்றை அடியோடு நறுக்கிவிட்டுப் பொறுத்திருங்கள். ரைசோம் கெட்டியாக இருக்கும்வரை செடிக்கு உயிர் உண்டு. இலையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகளும் ஓரம் மஞ்சளிப்பும் தெரிந்தால் பொட்டாசியம் குறைவு என்று சந்தேகிக்கலாம். செடிகளுக்கான திரவ உரத்தை, புட்டியில் சொன்ன அளவில் பாதி ஊற்றித் தொடங்குங்கள்.

இலையின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் வரிசையாகப் புடைத்திருந்தால் பயப்படாதீர்கள். அவை நோயல்ல, வித்துத் தொகுதிகள். பல இலைகளின் நுனியிலேயே குட்டிச்செடி முளைக்கும். அதற்கு மூன்று நான்கு இலையும் சொந்த வேரும் வந்தபின் கிள்ளி இன்னொரு கல்லில் கட்டலாம். அவசரமென்றால் ரைசோமையே கூரான பிளேடால் வெட்டுங்கள், துண்டுக்கு மூன்று இலையாவது இருக்கும்படி.